ஆயிடும் சாரின் பென் டிரைவ்

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் சண்டை என்றால், கீழே சாவி போடுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். அவருக்குத் தெரிந்துவிட்டால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. அன்று காலை அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“உன் லினக்ஸ், உன் லைப்ரரி, உன் எழவு எல்லாத்தையும் கட்டித் தூக்கிட்டுப் போ!” என்று ஆண் குரல். உடனே கதவு அறைந்து சாத்தும் சத்தம்.

ஆண் குரலுக்குச் சொந்தக்காரரைத் தெருவில் ‘ஆயிடும் சார்’ என்பார்கள். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும், அது ஆகுமா ஆகாதா என்று ஒரு நொடிகூட யோசிக்காமல், “ஆயிடும் சார்” என்று சொல்லிவிடுவார். சொல்வது அவர் வேலை. ஆக்குவது அவருடைய மனைவியின் தங்கையின் வேலை. இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அவளுக்குச் சின்னவள் என்றே பேர் நிலைத்துவிட்டது. தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதிலும் சின்னவள்தான். அக்கா தொலைபேசி எடுப்பாள், அத்தான் விற்பார், சின்னவள் எழுதுவாள். கம்பெனி என்று பலகை மாட்டியிருந்தாலும் அது கூட்டுக் குடும்பம். பிடுங்கல் உட்பட எல்லாம் உண்டு.

அவர்கள் விற்பது காது கேட்கும் கருவிகளுக்கான மென்பொருள். ஒருவருடைய காது எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு மந்தம் என்று பார்த்து, கருவி எதை எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அதில் ஏற்றும். சின்னவள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டு, எழுதி எழுதித் திருத்திய மென்பொருள். பெற்றவள்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று அக்காவே கேலி செய்வாள்.

அதன் புதிய பதிப்பு முந்தைய வாரம்தான் காது டாக்டரம்மாவின் கிளினிக்குகளுக்குப் போனது. டாக்டரம்மாவுக்கு ஊருக்குள் ஆறு இடத்தில் கிளினிக். ஆறிலும் ஆறு ரகக் கணினி, கணினியை ஓட்டும் அடிப்படை நிரலும் ரகத்துக்கு ஒன்று. ஒன்றில் இந்த லினக்ஸ், இன்னொன்றில் அந்த லினக்ஸ், ஒன்றில் யாரோ புண்ணியவான் போட்டுவிட்டுப் போன பிஎஸ்டி. தலைமைக் கிளினிக்கில் அன்று காலைதான் புதியதை முதல்முறையாகத் திறந்தார்கள். திறந்தது, ஒரு வரி பிழை காட்டியது, செத்தது.

அதற்குத்தான் அந்தக் கூச்சல். கதவு சாத்துவதற்கு முன்னால் அத்தான் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னதால் சாவிக்காரருக்குக் கேட்கவில்லை.

“இன்னிக்கு அங்க ஓடலைன்னா, நாளையிலேர்ந்து இதைக் கோட்டுக்காரர் பார்ப்பார். பேசியாச்சு. நீ அக்காவோட உக்காந்து ஃபோன் எடு.”

கோட்டுக்காரர் என்றால் ஊரில் பாதிக் கம்பெனிக்கு ஆலோசனை சொல்கிற ஆள். வெயில் காலத்திலும் கோட்டு. சின்னவள் எழுதியதைப் பார்த்து, “எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுதணும்” என்று சொல்ல அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

சின்னவள் மடிக்கணினியைப் பைக்குள் திணித்த திணிப்பிலேயே பதில் இருந்தது.

“நானும் வரேன்,” என்றார் அத்தான், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே.

“எதுக்கு? அங்க வந்து ஆயிடும்னு சொல்லவா?”

“வாடிக்கையாளர்கிட்ட நீ பேசற அழகுக்கு ஒரு ஆள் வேணாமா?”

அக்கா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே, “ரெண்டு பேரும் அடிச்சுக்காமப் போய்ட்டு வாங்க, எனக்கு வேற தங்கச்சியும் இல்ல, வேற புருஷனும் இல்ல” என்றாள். அது வேடிக்கையா வேண்டுதலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தலைமைக் கிளினிக்கில் காத்திருப்போர் கூடம் நிறைந்திருந்தது. காது கேட்காதவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அங்கே போனதில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளுக்குக் கேட்கட்டும் என்று ஊருக்கே கேட்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வரவேற்புப் பெண், “மென்பொருள் வேலை செய்யலை, கொஞ்சம் பொறுங்க” என்று கைஜாடையோடு சொல்லிச் சொல்லிக் களைத்திருந்தாள்.

டாக்டரம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. “என் ஆப்பிள் மெஷின்ல ஓடுது. இதுல ஓடலை. என்னன்னு பாருங்க” என்று கணினியைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

“பாத்தியா? ஆப்பிள்ல ஓடுது. அப்போ லினக்ஸ்தான் கோளாறு” என்றார் அத்தான், கேஸை முடித்துவிட்ட வக்கீல் மாதிரி.

சின்னவள் பிழை வரியைப் படித்தாள். ஒரு மென்பொருள் என்பது தனியாள் இல்லை. எழுந்த உடனே தனக்கு வேண்டிய கூட்டாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அந்தக் கூட்டாளிகளுக்குத்தான் லைப்ரரி என்று பேர். கூப்பிட்ட பேரில் யார் முதலில் கை தூக்குகிறாரோ அவரை உள்ளே விட்டுவிடும். முகத்தைப் பார்க்காது. பிழை சொன்னது இதுதான்: ஒலியைக் கணக்கிடும் லைப்ரரி வந்திருக்கிறது, ஆனால் அதற்குள் இருக்க வேண்டிய ஒரு பகுதி இல்லை.

இல்லாமல் எப்படி இருக்கும்? அந்தப் பகுதியை அவள்தானே எழுதினாள். இந்தப் பதிப்பில்தான் அத்தானின் நச்சரிப்பு தாங்காமல் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கட்டி, லைப்ரரியை மென்பொருளுக்குப் பக்கத்திலேயே வைத்து, ‘முதலில் உன் பக்கத்தில் தேடு’ என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். பகுதி இருந்தது, அவள் வைத்த இடத்திலேயே.

அப்படியென்றால் உள்ளே ஏறுவது இந்தக் கோப்பு இல்லை.

லைப்ரரிகளை ஏற்றிவைக்கிற வேலையை லினக்ஸில் ஒரு சின்ன நிரல் செய்கிறது. எங்கே தேடினாய், எதை எடுத்தாய் என்று அதை வாய்விட்டுச் சொல்ல வைக்க ஒரு வழி உண்டு. சின்னவள் அந்த வழியில் மென்பொருளைத் தொடங்கினாள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. ஓரிடத்தில் நிறுத்தினாள். லைப்ரரி வந்த இடம் ‘டெம்ப் நியூ ஃபைனல்’ என்ற ஒரு கோப்புறை.

அப்படிப் பேர் வைக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான்.

கணினியில் யார் நுழைந்தாலும் முதலில் படிக்கப்படும் கோப்பைத் திறந்தாள். நடுவில் ஒரு வரி உட்கார்ந்திருந்தது. எல்.டி. லைப்ரரி பாத் என்பார்கள். ‘எவன் என்ன சொல்லி அனுப்பியிருந்தாலும் சரி, முதலில் இங்கே தேடு’ என்று எல்லா மென்பொருளுக்கும் போடுகிற ஒரு பொது உத்தரவு. பக்கத்தில் தேடு என்று அவள் காதோடு சொன்னதை இந்த உத்தரவு ஒரே மிதியில் மிதித்துப் போட்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். “அத்தான். கொஞ்சம் உள்ள வாங்க.”

உள்ளே என்றால் காது சோதிக்கும் அறை. சுவரெல்லாம் பஞ்சும் பலகையும் அடைத்து, வெளிச் சத்தம் ஒரு துளி நுழையாத, உட்சத்தம் ஒரு துளி கசியாத பெட்டி. ஒரு பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி ஜன்னல். குடும்பச் சண்டைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று இருவருமே நினைத்திருக்க வேண்டும். சின்னவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். அத்தான் எதிரே நின்றார்.

“டெம்ப் நியூ ஃபைனல் யாரு வெச்சது?”

அத்தான் வண்டிச் சாவியைத் தடவினார். சாவிக் கொத்தில் ஒரு பென் டிரைவ் தொங்கியது. “அதுவா... ஒரு தடவை திறக்க மாட்டேன்னுச்சு. ஏதோ கோப்பு இல்லைன்னு சொல்லிச்சு. என் லேப்டாப்புல இருந்துச்சு, எடுத்துப் போட்டேன். திறந்துச்சு.”

“ஒரு தடவையா?”

“இல்லாதப்பெல்லாம் போடுவேன். இதுல எல்லாம் வெச்சிருக்கேன். ஸ்கிரீன்ல மென்பொருளோட ஜன்னல் திறக்கறதைப் பார்க்காம நான் எந்த வாடிக்கையாளர் வீட்டுலேர்ந்தும் கிளம்பினதில்லை. தெரியுமா உனக்கு?”

பெருமையாகச் சொன்னார். இத்தனை வருஷமாக ஆயிடும் என்று சொல்லி ஆக்கிய வித்தை இதுதான். ஒவ்வொரு வாடிக்கையாளர் கணினியிலும் அந்தந்தச் சமயத்தில் பென் டிரைவில் என்ன இருந்ததோ அதைக் கொட்டிவிட்டு, அதைத் தேடச் சொல்லி ஒரு வரியையும் எழுதிவைத்துவிட்டு, சிரித்துக் கைகொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“ஆப்பிள்ல?”

“அதுல கை வைக்க எனக்கு பயம்.”

“அதான் அதுல ஓடுது!” சின்னவள் கத்திய கத்தலில் பஞ்சுச் சுவருக்கே காது வலித்திருக்கும். “எட்டு மாசமா எவ்வளவு ஃபோன்! ஒரு இடத்துல வர்ற கோளாறு இன்னொரு இடத்துல வரலை, ஆபீஸ்ல எதுவுமே வரலை. நான் பைத்தியக்காரி மாதிரி என் புரோகிராமைக் கிண்டிட்டு இருந்தேன். அக்காவே என்னைக் கவனக்குறைவுன்னா. நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தீங்க!”

“ஏய், மரியாதையா பேசு. வரியை அழிச்சா ஓடுமில்ல? அழி. முடிஞ்சு போச்சு.”

அழித்தால் இங்கே ஓடும். அந்த நினைப்பு வந்ததுமே அடுத்த நினைப்பும் வந்தது. சின்னவளின் முகத்திலிருந்து கோபம் வடிந்து, அந்த இடத்துக்கு வேறு ஏதோ வந்தது.

“மத்த அஞ்சு கிளினிக்லயும் இந்த வரி இருக்கா?”

“இருக்கு. ஆனா அங்கெல்லாம் ஓடுதே.”

“ஓடறதுதான் ஆபத்து.”

இங்கே அத்தான் கொட்டியிருந்தது மிகப் பழைய லைப்ரரி. தேவையான பகுதி அதில் இல்லவே இல்லை. அதனால் மென்பொருள் யோக்கியமாகச் செத்தது. மற்ற இடங்களில் கொட்டியது கொஞ்சம் புதுசு. எல்லாப் பகுதியும் இருக்கும். ஆனால் புதிய பதிப்பில் சின்னவள் உள்ளே எண்களின் வரிசையை மாற்றியிருந்தாள். புது மென்பொருள் ஒரு வரிசையில் கொடுக்கும், பழைய லைப்ரரி வேறு வரிசையில் வாங்கிக்கொள்ளும். எதுவும் சாகாது. ஜன்னல் திறக்கும். கருவி சத்தத்தைத் தப்பான இடத்தில் கூட்டிக் கொடுக்கும்.

அப்படி வரிசை மாற்றினால் லைப்ரரியின் பேரோடு ஒட்டிய எண்ணை மாற்ற வேண்டும். அது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒழுக்கம். மாற்றியிருந்தால், பழையதை எங்கே யார் ஒளித்துவைத்திருந்தாலும், புது மென்பொருள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. சின்னவள் மாற்றவில்லை. எண்ணை மாற்றினால் எங்காவது ஏதாவது முரண்டு பிடிக்கும், அத்தான் பிராணனை வாங்குவார், எப்படியும் பக்கத்திலேயே புதுசு இருக்கிறதே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அவள் அதைச் சொன்னாள். அத்தானுக்கு எல்லாம் புரியவில்லை. ஆனால் வேண்டியது புரிந்துவிட்டது. அவர் விற்பவராயிற்றே. உடனே குரல் தணிந்தது.

“இங்க பாரு. ரெண்டு பேர் மேலயும் இருக்கு. வெளிய சொன்னா டாக்டரம்மா நம்மளைத் தூக்கிப் போட்டுடுவாங்க. சாயங்காலத்துக்குள்ள நானே எல்லா இடத்துக்கும் போய் அந்த வரியை அழிச்சிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். கோட்டுக்காரரை வேணாம்னுடறேன். நீயே வெச்சுக்கோ உன் மென்பொருளை. சத்தியமா.”

சின்னவள் அவரையே பார்த்தாள். அவளுக்கு வேண்டியது அதுதான். காலையிலிருந்து அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை இப்படி, எச்சில் தட்டை நீட்டுகிற மாதிரி நீட்டுவார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“இந்த வாரம் கருவியை மாட்டிட்டுப் போனவங்க?” என்றாள்.

“அவங்களே திரும்பி வருவாங்க. வரும்போது சரி பண்ணிக்கலாம்.”

அப்போது கனத்த கதவு திறந்தது. டாக்டரம்மா நின்றார்.

“கத்தி முடிச்சாச்சா?” என்று கேட்டார். “வெளிய எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.”

“எப்படி மேடம்? சத்தமே...” என்று அத்தான் இழுத்தார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் காட்டினார். அந்தப் பக்கம், காத்திருப்போர் கூடத்தின் முதல் வரிசையில் ஒரு தையல்கார அம்மாள், மடியில் பையோடு உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே காது மந்தம். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பாள். படித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. அத்தான் பேசப் பேச, வரவேற்புப் பெண்ணுக்கு ஒரு வரி விடாமல் சொல்லியிருந்தாள். லேப்டாப்பிலிருந்து எடுத்துப் போட்ட கோப்பு, ‘யாருக்கும் தெரிய வேண்டாம்’, எல்லாம். அதுவும் கூடத்திலுள்ள மற்றவர்களுக்குக் கேட்கிற அளவு உரக்க.

“உங்க மச்சினி என்ன சொன்னாங்கன்னு மட்டும் தெரியலை. அவங்க முதுகுதான் தெரிஞ்சுதாம்,” என்றார் டாக்டரம்மா. “ஏம்மா, இவர் எதையோ மறைக்கச் சொல்றார். நீ மாட்டேன்கற. அப்படித்தானே?”

அத்தான் சின்னவளைப் பார்த்தார். ஆமாம் மேடம் என்று அவள் தலையை ஆட்டினால் போதும். பழி முழுக்க அவர் தலையில். மென்பொருள் அவள் கையில். இனி யாரும் அவளை ஃபோன் எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

சின்னவளுக்கு அந்தச் சுலபத்தின் மேலேயே எரிச்சல் வந்தது.

“பாதிதான் மேடம்,” என்றாள், யாரையோ அறைகிற குரலில். “இவர் பழைய லைப்ரரியைப் போட்டது தப்பு. புதுசுக்கு நம்பர் மாத்தாம அனுப்பினது நான். நான் மாத்தியிருந்தா இவர் போட்ட குப்பை குப்பையாவே கிடந்திருக்கும். மத்த கிளினிக்ல இப்ப தப்பான கணக்கோட ஓடிட்டிருக்கு. இந்த நிமிஷமே நிறுத்துங்க. புதுப் பதிப்பு வந்ததுக்கப்புறம் கருவி மாட்டினவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்.”

“ஓடறதை நிறுத்தச் சொல்றியா?” என்று அத்தான் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

“வாயை மூடுங்க சார்,” என்றார் டாக்டரம்மா.

அதற்குப் பிறகு டாக்டரம்மா பேசியதை அப்படியே எழுத முடியாது. தையல்கார அம்மாள்கூட ஒரு கட்டத்தில் உதட்டிலிருந்து பார்வையை நகர்த்திக்கொண்டாளாம். முடிவு இதுதான்: இனி அத்தானின் கை எந்தக் கிளினிக் கணினியிலும் படக்கூடாது. சின்னவள்தான் ஏற்ற வேண்டும். ஆனால் சின்னவள் கட்டும் ஒவ்வொரு பதிப்பையும் கோட்டுக்காரர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகே ஏற்ற வேண்டும்.

“அந்த ஆளா?” என்றாள் சின்னவள்.

“யாரா இருந்தா என்ன? உன் வேலையை நீயே பார்த்துக்கிட்டதுலதானே நம்பர் மாறாமப் போச்சு?”

சின்னவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அலுவலகத்தில் அக்கா விஷயத்தைக் கேட்டதுமே தொலைபேசியை இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கிளினிக்காகக் கூப்பிட்டு மென்பொருளை மூடவைத்தாள். கருவி வாங்கிப் போனவர்களையும் கூப்பிட்டாள். காது கேட்காதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் கருவி சரியில்லை என்று புரியவைப்பது என்ன பாடு என்பதை அக்கா இன்றும் யாராவது கேட்டால் கண்ணீர் வரச் சிரித்துச் சொல்வாள். அன்று சிரிக்கவில்லை.

சின்னவள் நம்பரை மாற்றிப் புதிதாகக் கட்டிய பதிப்பைக் கோட்டுக்காரர் ஒரு பகல் முழுக்கக் குடைந்தார். இரண்டு குறை சொன்னார். ஒன்று அபத்தம். மற்றொன்று சரி. சரியான ஒன்றுக்காக அவரை மன்னிக்கவே சின்னவளுக்கு மனம் வரவில்லை.

அப்புறம் கிளினிக் கிளினிக்காகப் போனார்கள். வண்டி அத்தானுடையது, அதனால் அவர்தான் ஓட்டினார். வழியில் ஒரு சிக்னலில், “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“எங்கிட்டப் பேசாதீங்க அத்தான்.”

ஒவ்வொரு கணினியிலும் அந்த வரியை அழித்து, அந்தக் கோப்புறையை அழித்து, புதியதை ஏற்றி, எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லவைத்துப் பார்த்த பிறகே சின்னவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அத்தான் வாசலோடு நிறுத்தப்பட்டார். இது டாக்டரம்மாவின் உத்தரவு. சின்னவள் அதை ஒரு இம்மியும் தளர்த்தவில்லை.

கடைசிக் கிளினிக்கில் ஒரு பேருந்து ஓட்டுநர் காத்திருந்தார். சீருடையோடு, வேலைக்கு நடுவே வந்திருந்தார். கருவியைக் காதில் போடாமல் மேஜை மேல் வைத்திருந்தார்.

“இதை மாட்டினா ஹாரன் சத்தம் மண்டையில ஆணி அடிக்குது,” என்றார், கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில். “இங்க வந்து சொன்னேன். பழகிடும்னாங்க. பழகலை. அதனால கழட்டி வெச்சுட்டேன். கழட்டிட்டுத்தான் நாலு நாளா வண்டி ஓட்டறேன். வண்டி நிறைய ஜனம். பின்னால எவன் ஹாரன் அடிக்கறான்னு எனக்குத் தெரியாது.”

சின்னவள் மேஜை மேலிருந்த கருவியைக் கையில் எடுத்தாள்.

வாசலில் நின்ற அத்தானும் அதைக் கேட்டார். உத்தரவை மறந்து இரண்டடி உள்ளே வந்துவிட்டார். சின்னவள் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.

“யாரு தப்பு இது?” என்றார் ஓட்டுநர்.

“என் தப்பு,” என்றாள் சின்னவள். அதே சமயத்தில் அத்தானும், “என் தப்பு சார்” என்றார். இருவர் உதடும் ஒரே மாதிரி அசைந்ததை ஓட்டுநர் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் வழியில பேசி வெச்சுட்டு வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். நாளெல்லாம் சாலையில் பேசிப் பழகிய வாய். எதுவும் மிச்சம் வைக்கவில்லை. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு கருவியைக் கணினியோடு இணைத்தாள், எண்களைச் சரிபார்த்தாள், மறுபடியும் சரிபார்த்தாள், ஏற்றினாள். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கருவியை அவர் காதில் மாட்டிவிட்டு, சின்னவள் மிக மெதுவாகக் கேட்டாள்: “இப்ப எப்படி இருக்கு?”

ஓட்டுநர் நிறுத்தினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். வெளியே தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவர் முகம் சுளிக்கவில்லை.

“கேக்குது,” என்றார். “இருங்க, இன்னும் நான் திட்டி முடிக்கலை.”